நகல்: துணைத் தூதரகங்களுக்கு

அன்புள்ள கதிர்,

உன் மனுவைப் படித்தேன். ஊழல் புகார்களை விசாரிக்கும் லோக் ஆயுக்தாவுக்குக் கூடுதல் அதிகாரம் கேட்டிருப்பதில் எனக்கு மறுப்பில்லை. கடைசியில் 'நகல்' என்று போட்டு, சென்னையிலுள்ள அமெரிக்க, ஜெர்மன், ஜப்பான் துணைத் தூதரகங்களை எழுதியிருக்கிறாயே, அங்கேதான் நின்றுவிட்டேன். 'வெளிநாட்டுக்காரன் ஒரு வார்த்தை சொன்னால் கோட்டை அசையும் மாமா' என்கிறாய். அசையும்தான். எந்தப் பக்கம்?

மத்திய அமெரிக்க நாடான குவாத்தமாலாவில் 2007இல் ஐ.நா. ஆதரவோடு சிசிக் என்ற குற்ற விசாரணை ஆணையம் வேலையைத் தொடங்கியது. உள்ளூர் அரசு வழக்கறிஞர்களோடு உட்கார்ந்து வழக்குகளைக் கட்டியது. பணம் கொடுத்தவர்களில் அமெரிக்கா பெரிய கை. 2015இல் சுங்க ஊழலில் அதிபர் ஓட்டோ பெரெஸ் மொலினாவே பதவி விலகிச் சிறைக்குப் போனார். அடுத்து வந்த ஜிம்மி மொராலெஸ், 'நான் திருடன் இல்லை' என்று ஓட்டுக் கேட்டு ஜெயித்த நகைச்சுவை நடிகர். (நடிகர் ஆட்சிக்கு வருவது நமக்குப் புதிதா என்ன!) விசாரணை தன் மகன், சகோதரர் பக்கம் திரும்பியதும், ஆணையத் தலைவரான கொலம்பியர் இவான் வெலாஸ்கெஸை 2017இல் நாட்டைவிட்டு வெளியேறச் சொன்னார். இறையாண்மை பறிபோகிறதாம். நீதிமன்றம் தடுத்தது, தூதரகங்களும் கண்டித்தன. சரி, அப்புறம்? 2018 மே மாதம் அமெரிக்கா இஸ்ரேலிலுள்ள தன் தூதரகத்தை ஜெருசலேமுக்கு மாற்றியது. இரண்டே நாளில் குவாத்தமாலாவும் மாற்றியது. ஆணையத்துக்காகப் பேசிய வாஷிங்டனின் குரல் இறங்கிவிட்டது. 2019 செப்டம்பரில் ஆணையத்துக்குப் பூட்டு. அதற்குப் பிறகு உள்ளூர் வழக்கறிஞர்களும் நீதிபதிகளும் ஒருவர் பின் ஒருவராக நாட்டைவிட்டு ஓடினார்கள். தூதர்களுக்கு என்ன, மாற்றல் வந்தால் பெட்டியைக் கட்டிவிடலாம்.

2004இல் கென்யாவில் பிரிட்டிஷ் தூதர் எட்வர்ட் கிளே, அமைச்சர்கள் ஊழலில் பெருந்தீனி தின்று எங்கள் காலணி மேல் வாந்தி எடுக்கிறார்கள் என்று மேடையிலேயே பேசினார். தைரியம்தான். 2006இல் அவர் நாடே சவூதி ஆயுத பேரம் பற்றிய விசாரணையைப் பாதியில் நிறுத்தியது, தேசப் பாதுகாப்பு என்று சொல்லி.

உக்ரைனைச் சொல்வாய். 2025 ஜூலையில் ஊழல் ஒழிப்பு அமைப்புகளின் கையைக் கட்டிய சட்டம் ஒன்பதே நாளில் திரும்பியது. ஐரோப்பாவின் அழுத்தம் இருந்தது, உண்மை. ஆனால் சட்டத்தில் கையெழுத்தான அன்று மாலையே கீவ் தெருவில் அட்டை பிடித்து நின்றவர்கள் அந்த ஊர்ப் பிள்ளைகள்.

இங்கே 'அந்நியச் சதி' என்று ஒருவர் மைக்கில் சொன்னால் போதும். உன் மனுவில் என்ன இருக்கிறது என்பதை அப்புறம் யாரும் படிக்கமாட்டார்கள். உங்கள் அமைப்புக்கு எங்கிருந்து பணம் வருகிறது என்றுதான் கேட்பார்கள்.

அந்த மூன்று பெயரையும் அடித்துவிட்டு உன் தொகுதி எம்.எல்.ஏ.வை எழுது. பதில் வராவிட்டால் அவர் அலுவலகத்துக்கு நானும் கூட வருகிறேன். துணைத் தூதரகத்தில் வாசல் செக்யூரிட்டியைத் தாண்டவே அப்பாயின்ட்மென்ட் வேண்டும்.

அன்புடன்,
மாமா,
மயிலாப்பூர்