இந்திரா முனை ஒரு எட்டு தூரமா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் சுற்றுலாக் கட்டுரை, அந்தமான் போகிறவர்கள் அப்படியே இந்தியாவின் தென்கோடியான இந்திரா முனையையும் ஒரு எட்டு பார்த்துவிட்டு வரலாம் என்கிறது. எழுதியவர் எந்தப் படகில் வந்தார் என்று சொன்னால் நாங்களும் அதிலேயே ஏறிக்கொள்வோம்.

போர்ட் பிளேரிலிருந்து (இப்போது ஸ்ரீ விஜயபுரம், பெயர்தான் மாறியது, தூரம் மாறவில்லை) அந்த முனை இருக்கும் கிரேட் நிக்கோபார் தீவின் எங்கள் ஊரான கேம்ப்பெல் பே 500 கி.மீ.க்கு மேல். நடுவில் பத்து டிகிரி கால்வாயைத் தாண்டும்போதே அந்தமான் முடிந்துவிடும். அதற்குப் பிறகு வருவது நிக்கோபார். இந்தோனேசியாவின் பந்தா ஆச்சே எங்களுக்கு அதில் பாதித் தூரம்கூட இல்லை. ஹெலிகாப்டரில் இடம் கிடைப்பது பெரும்பாடு. கப்பலோ கடல் மனம் வைத்தால்தான்.

உங்களுக்குத் தெரியாததல்ல. எல்லையில் ஆள் இருக்க வேண்டும் என்றுதான் 1969 முதல் முன்னாள் ராணுவத்தினரை அரசு இங்கே குடியமர்த்தியது. என் அப்பாவும் அப்படி வந்தவர். அவர் நிலப் பத்திரத்தில் இருந்த ஒரு எழுத்துப் பிழையைத் திருத்த நான் பட்ட பாடு இருக்கிறதே! இங்கே ஓர் அலுவலகம் உண்டு, ஆனால் கையெழுத்து மாவட்டத் தலைநகரான கார் நிக்கோபாரில். நடுவே சுமார் 270 கி.மீ. கடல். போன காகிதம் ஒரு முத்திரை குறைவென்று திரும்பி வந்தது. மறுபடி அனுப்பக் கப்பல் இல்லை. முறையிடலாம் என்றால் சட்டமன்றம் கிடையாது, மொத்த யூனியன் பிரதேசத்துக்கும் ஒரே எம்.பி. வழக்குப் போடலாம் என்றால் உயர் நீதிமன்றம் கொல்கத்தா. அதன் அமர்வுக்கே ஸ்ரீ விஜயபுரம் போக வேண்டும்.

சரி, அரசாங்கத்தை விடுங்கள். 2004 சுனாமியின்போது நாகப்பட்டினத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினீர்கள். எழுத வேண்டியதுதான். இங்கே நிலமே நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்து, இந்திரா முனைக் கலங்கரை விளக்கம் கடலுக்குள் நின்றதே, அதற்கு நாலு வரி கிடைக்கவில்லையா? ஆண்டுதோறும் வரும் உங்கள் நாட்காட்டி வரைபடத்திலும் கார் நிக்கோபாருக்குக் கீழே கத்தரி விழுந்துவிடுகிறது. எங்கள் தீவின் கலாத்தியா விரிகுடாவில் பெரிய துறைமுகம் வரப்போகிறது என்ற பிறகு திடீரென்று நாங்கள் கண்ணில் பட்டோம். அதுவும் ‘ஆளில்லாத் தீவு’ என்று! 2011 கணக்கெடுப்பில் கிரேட் நிக்கோபாரில் சுமார் 8,000 பேர். எங்களுக்கு முன்பே பழங்குடிகளான ஷோம்பென் மக்களும் நிக்கோபாரிகளும் வாழ்ந்த மண் இது. அவர்களை எந்தக் கணக்கில் சேர்த்தீர்களோ!

அடுத்த இதழில் சின்னதாக ஒரு திருத்தம் போடுங்கள். அப்புறம், என் சந்தா முகவரியில் 744301 என்று அச்சிடுகிறீர்கள். அது கார் நிக்கோபார், எங்களுக்கு 744302. பொங்கல் மலர் எந்தத் தீவில் இறங்கியதோ, எனக்கு வந்து சேரவில்லை. பிரதி மீதமிருந்தால் ஒன்று அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர்,
கேம்ப்பெல் பே, கிரேட் நிக்கோபார்.