கிராண்ட் ஆற்றங்கரையில் எங்களுக்கு இடம் தந்தவர்களுக்கு

அன்பான ஃபேர்கஸ், எலோரா ஊர்த் தூண்டில்காரர்களுக்கும், ஸ்காபுரோவிலிருந்து எங்களோடு வந்து வாளி தூக்கிய எல்லோருக்கும் வணக்கம்.

கிராண்ட் ஆற்றில் வளர்ப்பு ட்ரவுட் மீன்களைக் கொண்டுவந்து விடும் இந்த வருடத்து வேலை முடிந்த கையோடு இதை எழுதுகிறேன். தோள்பட்டை இன்னும் வலிக்கிறது, மனம் நிறைந்திருக்கிறது. பெயர் போட வேண்டாம் என்று உங்களில் பலர் சொல்லிவிட்டீர்கள், அதனால் யாருடைய பெயரும் இங்கே வராது. வாசிக்கும்போது இது தன்னைப் பற்றித்தான் என்று அவரவருக்கு விளங்கும். தமிழில் எழுதுவதற்குக் காரணம், எங்கள் ஆட்களும் இதை வாசிக்க வேண்டும் என்பதுதான். ஆங்கிலத்தில் மகள் எழுதி உங்களுக்கு அனுப்பி வைப்பாள்.

எங்களுக்கு மீன்பிடி புதிதல்ல. அப்பா வடமராட்சிக் கடற்கரையில் தங்கூசியும் இறால் துண்டும் கையுமாக வளர்ந்தவர். கனடாவுக்கு வந்த பிறகும் சனி ஞாயிறு என்றால் சிம்கோ ஏரி, ரைஸ் ஏரி என்று போய்விடுவோம். கதிரை, தேத்தண்ணிப் போத்தல், இடியப்பப் பார்சல் எல்லாம் காரில் ஏறும், பேர்ச் மீன் அகப்பட்டால் அன்றிரவு பொரியல். 2007 இல் அது நின்றது. அந்த ஆண்டு ஒன்ராறியோவில் துறைகளிலும் பாலங்களிலும் மீன்பிடித்துக்கொண்டிருந்த ஆசிய வம்சாவளியினரைத் தண்ணீருக்குள் தள்ளி விழுத்தியதும் அடித்ததும் பெரிய செய்தியானது. சிம்கோ ஏரிப் பக்கம் நடந்த ஒரு சம்பவத்தில் ஒரு இளைஞருக்கு உயிருக்கே ஆபத்தான காயம். ஒன்ராறியோ மனித உரிமைகள் ஆணைக்குழு விசாரணை நடத்தி, 2008 இல் அறிக்கை வெளியிட்டது. எங்களுக்கு நேரே ஒன்றும் நடக்கவில்லை, ஆனாலும் வீட்டில் பயம் வந்துவிட்டது, அப்பா தூண்டில் தடிகளைக் கராஜில் சாத்திவிட்டார். வருடங்கள் கழித்துத் திரும்பவும் போகத் தொடங்கினோம்தான், ஆனால் முன்பின் தெரியாத யாராவது கரையோரமாக எங்களை நோக்கி நடந்து வந்தால் அப்பாவின் கை தானாகவே சாமான்களை அடுக்கத் தொடங்கிவிடும்.

பெல்வூட் ஏரிக்கரையில் அன்றைக்கும் அப்படித்தான் அடுக்கினார். வந்தவர் நீங்கள், பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற அண்ணை. நெஞ்சுவரை வேடர்ஸ் (தண்ணீர் புகாத உடுப்பு) போட்டுக்கொண்டு, ஈரம் சொட்டச் சொட்ட வந்து, என்ன மீன் அகப்பட்டது என்று கேட்டீர்கள், பிறகு அப்பாவின் ஊரில் என்ன மீன் என்று கேட்டீர்கள். அப்பா விளைமீன், ஓரா, கிளக்கன் என்று ஒவ்வொன்றாகச் சொல்ல, நான் மொழிபெயர்க்கத் திணற, நீங்கள் மரத்தடியில் சப்பாணி கட்டி இருந்துவிட்டீர்கள். ஏரிக்கும் கீழே ஓடும் கிராண்ட் ஆற்றுக்கும் உள்ள தொடர்பை அன்றுதான் முதன்முதலில் கேட்டோம். அந்த ஏரியை உண்டாக்கிய ஷாண்ட் அணையை 1942 இல் கட்டி முடித்தார்கள், வெள்ளத்தை மறிக்கவும் கோடையில் ஆறு வற்றாமல் இருக்கவும். ஏரியின் அடியிலிருந்து தண்ணீரைத் திறந்து விடுவதால் அணைக்குக் கீழே ஆறு குளிர்ந்து ஓடுகிறது, அந்தக் குளிரில்தான் ட்ரவுட் மீன் தங்கும். 1989 இலிருந்து பிரவுண் ட்ரவுட் கொண்டுவந்து விடுகிறார்கள், அதற்குத் தொண்டர்கள் வேண்டும், வாருங்கள் என்றீர்கள். தூண்டில் முள்ளில் இறகும் நூலும் சுற்றிச் செய்த இரண்டு போலிப் பூச்சிகளை உங்கள் பெட்டியிலிருந்து எடுத்து அப்பாவின் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போனீர்கள். அப்பா அன்று சாமான்களைத் திரும்பப் பிரித்து வைத்ததை நான் பார்த்தேன். உங்களுக்கு நன்றி சொல்ல வேறு எத்தனையோ காரணங்கள் இருக்கின்றன, எனக்கு அதுதான் முதலாவது.

சரி, அடுத்தது புல்வெளிப் பாடம். அந்தப் போலிப் பூச்சியால் மீன்பிடிக்கும் ஃப்ளை ஃபிஷிங் பழகத் தண்ணீர் தேவையில்லை என்பதே எங்களுக்குப் புதினமாக இருந்தது. நாங்கள் பழகிய வீச்சில் ஈயக்குண்டு போய் விழும், தங்கூசி அதன் பின்னால் போகும். இங்கே பாரம் முழுக்க அந்தத் தடித்த லைனில் இருக்கிறது. லைன்தான் பறக்கிறது, இறகும் மயிரும் சுற்றிய நிறையே இல்லாத பூச்சி அதன் வாலில் இழுபட்டுப் போகிறது. அதனால் பின்பக்கம் வீசிய லைன் முழுதாக நீளும்வரை கையை நிறுத்திப் பொறுத்திருக்க வேண்டும், அரை நொடி முந்தினாலும் எல்லாம் தலைக்கு மேலே சிக்குப்பட்டுவிடும். அப்பாவுக்கு மணிக்கட்டைச் சுண்டி எறிந்தே பழக்கம், ஐம்பது அறுபது வருடத்துப் பழக்கம் ஒரு நாளில் போகுமா? எலோராவிலிருந்து வந்த ரீச்சர் அம்மா, நீங்கள் ஒரு வார்த்தை திட்டாமல், தடியின் அடிக்கட்டையை அப்பாவின் சட்டைக் கைக்குள் செருகிவிட்டீர்கள். மணிக்கட்டு மடிந்தால் துணி இழுக்கும், அவ்வளவுதான். மொழி தேவைப்படவில்லை. பின்னேரமாகும்போது பூச்சிக்குப் பதிலாகக் கட்டியிருந்த சிவப்புக் கம்பளி நூல் துண்டு புல்லின்மேல் மெதுவாக வந்து இருந்தது, அங்கே நின்ற பிள்ளைகள் எல்லோரும் கை தட்டினார்கள்.

குளிர்காலத்து வியாழக்கிழமைகளுக்கும் நன்றி சொல்ல வேண்டும். மண்டபத்தைத் திறந்துவிட்டவர்கள், முள்ளைப் பிடித்துவைக்கும் இடுக்கியும் விளக்கும் கொண்டுவந்தவர்கள், பனியில் எங்களை ஏற்றி இறக்கியவர்கள், எல்லோரையும் நினைக்கிறேன். பூச்சி கட்டுவதை நான் வெறும் பொழுதுபோக்கு என்று நினைத்துத்தான் போனேன், அங்கே இருந்து பார்த்த பிறகுதான் அது எவ்வளவு நுணுக்கமான கைவேலை என்று தெரிந்தது. பதினாலாம் நம்பர் தூண்டில் முள், அவ்வளவு சின்னது. அதற்கு உடம்பு கட்ட மயிற்பீலி இழை. முருகன் கோயில் காவடியில் பார்த்த அதே பீலிதான், பீலியின் கண்ணுக்குக் கீழே தண்டிலிருந்து உரித்தெடுத்த இழைகள், பச்சையும் செம்புமாக மினுங்கும். ஒற்றை இழையைச் சுற்றினால் ஒரே கடியில் அறுந்துவிடும் என்பதால் நாலைந்து இழைகளைச் சேர்த்து நூலோடு முறுக்கிக் கயிறாக்கி, பின்பக்கத்திலிருந்து தலைப்பக்கமாக நெருக்கிச் சுற்றி, இரண்டு முடிச்சில் நிறுத்த வேண்டும். எங்கள் தெருவில் சாரி பிளவுஸ் தைக்கும் அக்கா துணைக்குத்தான் வந்தார். அடுத்த வியாழன் அவருக்குப் பக்கத்தில் ஃபேர்கஸ்காரர்கள் கதிரை இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்துப் பழகினார்கள். அவர் முறுக்கும் அழகைப் பார்த்துவிட்டு, தன்னுடைய இடுக்கியை அப்படியே அவருக்குக் கொடுத்துவிட்ட கடைக்காரரே, அக்கா அதைத் தன் தையல் மெசினுக்குப் பக்கத்தில் பூட்டி வைத்திருக்கிறார் என்று உங்களுக்குச் சொல்லச் சொன்னார்.

அந்த மண்டபத்துக்கு ஒரு நாள் சிக்ஸ் நேஷன்ஸ் என்ற முதற்குடி மக்கள் சமூகத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். இந்த ஆற்றின் இரு கரையிலும் ஆறாறு மைல் நிலம் 1784 இல் தங்கள் மக்களுக்கு எழுதிக் கொடுக்கப்பட்டதையும், இன்று அதில் சிறு துண்டு மட்டுமே கையில் இருப்பதையும் கோபமில்லாமல் சொன்னார். நிலத்தை விட்டு வந்தவர்கள் நிறையப் பேர் இருந்த அறை அது. ஒருவரும் கதைக்கவில்லை. பெரியவரே, அதற்குப் பிறகு இந்த ஆற்றில் கால் வைக்கும் ஒவ்வொரு முறையும் யாருடைய இடத்தில் நிற்கிறோம் என்ற நினைவு எங்களுக்கு இருக்கிறது. வந்து சொன்னதற்கு நன்றி.

இனி மச்சானைக் காப்பாற்றிய இரண்டு பேர். உங்களுக்கு எப்படி எழுதுவது என்றே தெரியவில்லை. இடுப்பளவு தண்ணீர், பாசி பிடித்த கல், கால் வழுக்கியது, நீரோட்டம் மச்சானை இழுத்துக்கொண்டு போனது. நீங்கள் மற்றக் கரையில் மீன்பிடித்துக்கொண்டிருந்தீர்கள். தடிகளைப் போட்டுவிட்டு, ஒருவர் தோளை ஒருவர் பிடித்தபடி, நீரோட்டம் வரும் பக்கமாகச் சரிந்து நின்று, அடி அடியாக ஆற்றைக் கடந்து வந்து பிடித்தீர்கள். இடுப்பில் பெல்ட்டை இறுக்கிக் கட்டியிருந்ததால் வேடர்ஸுக்குள் தண்ணீர் அதிகம் போகவில்லை. அந்த பெல்ட்டைக் காலையில் கட்டச் சொல்லி நின்றவரும் உங்களில் ஒருவர்தான். உங்கள் காரில் ஹீற்றரைப் போட்டு, உங்கள் உடுப்பைக் கொடுத்து, நடுக்கம் நிற்கும்வரை பக்கத்தில் இருந்தீர்கள். உங்கள் தடிகளில் ஒன்று முறிந்திருந்ததைப் பிறகுதான் கண்டோம். காசு தருகிறோம் என்றோம், வாங்கவில்லை. அக்கா, என்னுடைய அக்காவைச் சொல்கிறேன், ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் உங்கள் இரண்டு பேரின் பெயருக்கும் கோயிலில் அருச்சனை செய்கிறா. நட்சத்திரம் தெரியாது, ஐயர் பெயரை மட்டும் சொல்லிச் செய்கிறார்.

ஜூலை வெயிலில் தண்ணீரைச் சோதிக்கும் தாதிக்கும் (ஓய்வுபெற்றவர், ஆனால் எங்களுக்கு எப்போதும் நேர்ஸ் அக்காதான்) நன்றி. நூலில் கட்டிய வெப்பமானியை ஆற்றில் இறக்கி, 20 பாகை தாண்டிவிட்டால் சரி, இன்றைக்கு ட்ரவுட் வேண்டாம் என்று எல்லோரையும் கரையேற்றிவிடுவார். தண்ணீர் சூடானால் அதில் ஒட்சிசன் குறையும், களைத்த மீனைக் கவனமாகத் திருப்பி விட்டாலும் அது பிழைப்பது கஷ்டம். இவ்வளவு தூரம் கார் ஓடி வந்து தடியை எடுக்காமல் திரும்புவதா என்று எங்கள் இளம்பெடியள் முணுமுணுத்தபோது, அவர்களைக் கீழ் ஆற்றுக்குக் கூட்டிக்கொண்டு போய் பாஸ் மீன் பிடிக்கப் பழக்கியவரும் அவரே.

பிடித்த மீனை ஏன் விட வேண்டும்? இதை எங்கள் பெரியவர்கள் உங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்டார்கள், நீங்களும் ஒருமுறை கூடச் சலித்துக்கொள்ளவில்லை. அதைவிடப் பெரிய விசயம் ஒன்று இருக்கிறது. சிம்கோ ஏரியில் சட்டப்படி பேர்ச் பிடித்துச் சமைத்துச் சாப்பிடுகிற எங்களை நீங்கள் ஒரு நாளும் குறைவாகப் பார்க்கவில்லை, பொரித்துக் கொண்டுவந்தபோது கையால் எடுத்துச் சாப்பிட்டீர்கள். விட்டுவிடுகிற மீன்பிடிதான் உயர்ந்தது என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஆற்றுக்கு ஒரு கணக்கு, ஏரிக்கு வேறு கணக்கு. இந்த ஆற்றில் இரை போடக் கூடாத, ஒற்றை முள் மட்டும் பாவிக்க வேண்டிய, முள்ளின் உட்பக்கத்துச் சின்ன முனையைக் குறட்டால் நசுக்கிவிட்டு இறங்க வேண்டிய பகுதிகள் எவை என்று பலகை பலகையாகப் படம் எடுத்துத் தமிழில் எழுதிப் பெரியவர்களுக்கு அச்சடித்துக் கொடுத்த பல்கலைக்கழகப் பிள்ளைகளே, உங்களுக்கும் நன்றி. அனுமதிப்பத்திரம் எடுப்பது எப்படி, ஏப்ரல் நாலாம் சனிக்கிழமைக்கு முன் ட்ரவுட் தொடக்கூடாது, எல்லாம் அந்த ஒரு தாளில் இருந்தது.

ஆனால் அப்பாவுக்கு அந்தக் கேள்விக்கு விடை கிடைத்தது மீன் விடும் நாளில்தான். மீன்வளர்ப்பு நிலையத்து லொறி வந்து நின்றதும் ஃபிரண்ட்ஸ் ஒஃப் த கிராண்ட் ரிவர் என்ற அமைப்பின் தொண்டர்கள் வரிசையாக வாளி பிடிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றவர், சொல்லாமல் கொள்ளாமல் வரிசையில் போய் நின்றுவிட்டார். வாளிக்குள் ஒரு சாண்கூட வராத மீன்கள், உடம்பின் பக்கங்களில் செம்புள்ளி. எல்லாவற்றையும் ஒரே மடுவில் கொட்டிவிடக் கூடாது, மேலும் கீழுமாக நடந்து கல்லும் நிழலும் உள்ள இடங்களில் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தீர்கள். அப்பா தன்னுடைய வாளிக்குள் ஆற்றுத் தண்ணீரைக் கையால் அள்ளி அள்ளி ஊற்றினார், மீன் அந்தக் குளிருக்குப் பழகட்டும் என்று. பிறகு வாளியைச் சரித்துப் பிடித்துக்கொண்டு, அதுகள் தாமாக வெளியே போகும்வரை குனிந்தபடி நின்றார். அதன் பிறகு ஏன் விட வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. வேறு யாராவது கேட்டால் அவரே விளக்கம் சொல்கிறார், சில நேரம் தேவைக்கு அதிகமாகவே.

தன்னுடைய வயல் வழியாக ஆற்றுக்கு நடக்க விட்ட விவசாயி, கரையில் குப்பை பொறுக்கிய பிள்ளைகள், விடியக்காலை நாலு மணிக்கு எழும்பி எல்லோருக்கும் ரொட்டியும் சம்பலும் கட்டிய சித்திமார், இரண்டு வான்களை இரவல் தந்த கடை முதலாளி, உங்களுக்கும் மனமார்ந்த நன்றி. உறைப்புக் குறைத்துச் செய்த சம்பல் எது என்று ஃபேர்கஸ்காரர்கள் இப்போது கேட்பதில்லை, அதையும் சித்திமாருக்குச் சொல்ல வேண்டும்.

பிள்ளைகளுக்கான புல்வெளி வகுப்பை ஸ்காபுரோவில் நாங்களே தொடங்குகிறோம், ஜூன் மாதத்தில் தந்தையர் தினத்துக்கு முந்திய சனிக்கிழமை. அந்த வார இறுதியில் ஒன்ராறியோவில் அனுமதிப்பத்திரம் இல்லாமல் மீன்பிடிக்கலாம் என்பதால் வகுப்பு முடிந்து நேரே ஏரிக்குப் போவோம். ரீச்சர் அம்மாவும் பஸ் அண்ணையும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பழைய தடி, ரீல், சின்னக் கால் அளவு சப்பாத்து யாரிடமாவது இருந்தால் அக்காவின் தையல் கடையில் கொடுத்துவிடுங்கள். சட்டைக் கைக்குள் தடியைச் செருகிக் காட்டுவது அப்பாவின் வேலை, அதை வேறு யாருக்கும் கொடுக்க மாட்டாராம்.

அன்புடனும் நன்றியுடனும்,
ஸ்காபுரோவிலிருந்து ஒரு வடமராட்சிக் குடும்பம்