சிறுநீர்க் குழாய்ப் பூச்சும் தாமரை இலையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறுநீரை வெளியேற்ற நோயாளியின் உடலில் செருகப்படும் கதீட்டர் எனப்படும் சிறுநீர்க் குழாயில் அழுக்கும் கிருமியும் படியாதிருக்கப் பாலிமர் பூச்சு பூசும் முறையைத் தங்கள் நாளிதழ் எளிய தமிழில் விளக்கியிருந்தமைக்கு நன்றி. ஆயினும், அப்பூச்சு தாமரை இலையைப் போல் நீரைத் தள்ளுகிறது என்று எழுதியிருந்தது உண்மைக்கு நேர்மாறானது. நீர் ஒட்டாத பரப்பில்தான் புரதங்கள் எளிதில் ஒட்டுகின்றன. உடலுக்குள் வைக்கும் கருவிகளில், இரத்தம் பட்ட சில நொடிகளிலேயே தொடங்கிவிடும் அந்தப் புரதப் படிவின் மேல்தான் தட்டணுக்களும் பாக்டீரியாக்களும் இடம் பிடிக்கின்றன. பாலி எத்திலீன் கிளைக்காலும், நேர் மின்னூட்டத்தையும் எதிர் மின்னூட்டத்தையும் ஒருங்கே சுமக்கும் பாலிமர்களும் தண்ணீரைத் தம்மோடு இறுகப் பிணைத்துக்கொள்வதால், அந்த நீர்ப்படலத்தை விலக்க முடியாத புரதம் நழுவிப்போகிறது. ஜப்பானிய அறிஞர் கசுஹிகோ இஷிஹாரா வளர்த்தெடுத்த எம்.பி.சி. என்னும் இவ்வகைப் பாலிமர், உயிரணுச் சவ்வில் உள்ள பாஸ்போரில்கோலின் அமைப்பைப் பார்த்தே உருவாக்கப்பட்டது. இயற்கையில் உவமை தேடுவோர் குளக்கரை வரை போக வேண்டியதில்லை. நம் இரத்த அணுக்களின் சவ்விலேயே அது இருக்கிறது.

இத்தகைய பூச்சு கிருமியை ஒட்டவிடாதே தவிர, கொல்லாது. கொல்வதற்கு வெள்ளி போன்றவை சேர்த்த பூச்சுகள் வேறு உள்ளன. புரோட்டியஸ் மிராபிலிஸ் என்னும் பாக்டீரியா யூரியாவைச் சிதைத்து அம்மோனியாவை உண்டாக்கும்போது, சிறுநீர் காரத்தன்மை அடைந்து, மக்னீசிய, கால்சியப் பாஸ்பேட் உப்புகள் படிகமாகிக் குழாயையே அடைத்துவிடுகின்றன. சிறுநீரிலேயே விளையும் அப்படிகங்களை இப்பூச்சு மட்டும் தடுத்துவிடும் என்று நம்பியிருக்க முடியாது.

நீலகிரிக்கு இது ஏட்டுப் பிரச்சினை அன்று. நீண்டநாள் பயன்பாட்டுக்கான சிலிக்கோன் குழாயைக்கூட அதிகபட்சம் 12 வாரங்களில் மாற்ற வேண்டும் என்பார்கள். கூடலூர், பந்தலூர்ப் பக்கத்து எஸ்டேட் லைன் வீடுகளில் குழாயுடன் படுத்திருக்கும் முதியவர்களுக்கு, மண் சரிந்து சாலை அடைபடும் மழை மாதங்களில் அந்த நாள் தள்ளிப்போவது உண்டு. 'பூச்சு உள்ள குழாய்தானே, இன்னும் சில நாள் இருக்கட்டும்' என்று குடும்பத்தார் நினைத்துவிட்டால், குழாய் அடைபட்டுச் சிறுநீரகம் வரை தொற்று ஏறக்கூடும்.

ஆகவே, அரசு மருத்துவமனைகளுக்காகக் கொள்முதல் செய்யும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், பூச்சு எந்த வகையைச் சேர்ந்தது, வெறும் புரதக் கரைசலில் அல்லாமல் சிறுநீரில் எத்தனை நாள் சோதிக்கப்பட்டது என்ற விவரங்களை ஒப்பந்தப்புள்ளியிலேயே கேட்டுப் பெற வேண்டும். மாற்ற வேண்டிய கெடுவை உறையின் மேல் தமிழில் அச்சிடச் செய்ய வேண்டும். மேலும், 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டச் செவிலியர்கள் தென்மேற்குப் பருவமழை தொடங்குமுன் இவ்வீடுகளுக்குச் சென்று குழாய்களை மாற்றிவர மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
குன்னூர்.