பிரான்சில் சைக்கிள் பயணம்: மண்ணைப் பார்த்துப் பாதை தேர்வோம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரான்சின் நாட்டுப்புறச் சரளைப் பாதைகளில் சைக்கிள் ஓட்டுவது பற்றித் தங்கள் ஞாயிறு பக்கத்தில் வந்த கட்டுரை மகிழ்ச்சி தந்தது. பினாங்கின் செபராங் பிறை செம்பனைத் தோட்டச் சாலைகளிலும் பாலிக் பூலாவிலும் வார இறுதியில் ஓட்டும் நம் இளைஞர்கள் பலருக்கு அப்படியொரு பயணம் கனவு. ஆனால் கட்டுரை சொல்லும் ‘நாளுக்கு 100 கிலோமீட்டர்’ கணக்கை நம்பித் தங்குமிடங்களுக்குப் பணம் கட்டிவிட்டால் அவதிப்படுவார்கள். தார்ச்சாலைக்கு அது பொருந்தும். சுமை கட்டிய கிரேவல் சைக்கிளில் (சரளைப் பாதைக்கான அகல டயர் சைக்கிள்), ஏற்ற இறக்கமுள்ள சரளையில், 60 முதல் 70 கிலோமீட்டரே ஒரு முழு நாள் வேலை. அதுவும் சக்கரத்தடியில் என்ன மண் என்பதைப் பொறுத்தது.

நம் தோட்டங்களில் பெரும்பாலும் செம்மண். காய்ந்தால் கல், மழை விழுந்தால் சவர்க்காரம். அதைப் பழகியவருக்கு அரைப் பயிற்சி முடிந்த மாதிரி. பிரான்சில் ஒரே வாரத்தில் நிலம் மூன்று நான்கு தடவை மாறும். டயரும் காற்றும் தண்ணீர்க் கணக்கும் அதோடு மாற வேண்டும்.

முதல் முறை போகிறவர்களுக்குத் துலூஸிலிருந்து செத் நகரை நோக்கி ஓடும் கனால் து மிதி கால்வாய்க் கரைதான் சரியான தொடக்கம். பியேர்-போல் ரிக்கே வெட்டி, 1681-இல் திறக்கப்பட்ட கால்வாய்; 1996 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. நீளம் 240 கிலோமீட்டர். அதன் மிக உயர்ந்த இடமான நோரூஸ் கணவாயே 189 மீட்டர்தான் என்பதால் ஏற்றம் என்று சொல்ல ஒன்றுமில்லை. துலூஸிலிருந்து முதல் 50 கிலோமீட்டர் தார். கார்கசோன் நகருக்கு அப்பால் பல இடங்களில் ஒற்றையடித் தடம், குறுக்கே கரையோர நிழல் மரங்களான பிளேன் மரங்களின் வேர்கள். அந்த வேர்கள் டயரைக் கிழிப்பதைவிட, மணிக்கணக்கில் குலுக்கிக் குலுக்கி, பை தாங்கியின் திருகாணிகளையும் தண்ணீர்ப் போத்தல் கூட்டின் திருகாணிகளையும் தளர்த்திவிடும். மாலையில் தங்குமிடம் சேர்ந்ததும் ஒவ்வொன்றையும் திருகுச் சாவி போட்டு முறுக்கிப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, அந்தக் கரையின் நிழலை நம்பிப் போகாதீர்கள். பிளேன் மரங்களை ஒரு பூஞ்சை நோய் தாக்கியது 2006-இல் தெரியவந்தது. பரவாமல் தடுக்க ஆயிரக்கணக்கில் வெட்டி, வேறு மரங்கள் நட்டு வருகிறார்கள். ஜூலை, ஆகஸ்ட்டில் நீண்ட தூரம் மொட்டை வெயில். காற்றையும் கவனிக்க வேண்டும்: மேற்கு, வடமேற்கிலிருந்து வீசும் ‘செர்ஸ்’ முதுகைத் தள்ளும், தென்கிழக்கிலிருந்து வீசும் ‘ஓத்தான்’ முகத்தில் அறையும். ஓத்தான் நாளில் திட்டத்தைப் பாதியாக்கிக்கொள்வது நல்லது.

அடுத்த கட்டமாகத் தெற்கில் கோஸ் மெழான் சுண்ணாம்புக்கல் மேட்டுநிலம். இங்கேதான் நம்மவர்கள் மிகவும் ஏமாறுவார்கள். மழை பெய்தாலும் நீர் உடனே பாறைக்குள் இறங்கிவிடும். மேலே ஓடை கிடையாது. ஊர்கள் சிறியவை, தூரதூரமாக இருக்கும், பெரும்பாலானவற்றில் கடை இல்லை. கற்களால் தளமிட்ட சிறு குளங்களைப் பார்த்துவிட்டுப் போத்தலை முக்கக் கூடாது, அவை ஆடுகளுக்காகக் கட்டியவை. அடிவாரத்து ஊரான ஃப்ளோராக்கில் கிளம்பும்போதே ஆளுக்கு மூன்று லிட்டர் எடுத்துக்கொள்ள வேண்டும். அங்கிருந்து மேட்டின் விளிம்புக்கு ஏறத்தாழ 500 மீட்டர் ஏற்றம். முன் பல்சக்கரத்தில் 40 பற்களும், பின்னால் மிகப் பெரிய பல்சக்கரத்தில் 42 பற்களும் உள்ள சைக்கிளில் சுமையோடு மூச்சு வாங்கும். முன் பல்சக்கரத்தை 36 அல்லது 38 பல் உள்ளதாக மாற்றிக்கொண்டு போனால் முட்டிக்கு நல்லது. ஆட்டு மந்தை குறுக்கிட்டால் இறங்கி நடக்க வேண்டும். காவலுக்கு நிற்கும் வெள்ளைப் பெருநாய், வேகமாக வரும் எதையும் எதிரியாகவே பார்க்கும். சைக்கிளை நாய்க்கும் நமக்கும் நடுவில் வைத்து, அதன் கண்ணைப் பார்க்காமல், மந்தையைச் சுற்றிப் போக வேண்டும். நாம் திறந்த வேலிக் கதவை மூடிவிட்டுப் போவது கட்டாயம்.

பர்கண்டியின் மோர்வான் காடுகள் கருங்கல் நிலம். மழை விட்டதும் சீக்கிரம் வடியும். மரம் வெட்டும் வண்டிகளின் ஆழமான தடங்கள்தான் தொல்லை. வடக்கே நார்மண்டி, பிக்கார்டிச் சுண்ண மண்ணில் சிக்கிமுக்கிக் கல் கிடக்கிறது. அது டயரைக் கத்தி போல வெட்டும். சிறு துளையை, டயருக்குள் ஊற்றிவைக்கும் ‘சீலண்ட்’ திரவம் அடைத்துவிடும். ஐந்து மில்லிமீட்டரைத் தாண்டிய வெட்டுக்கு ரப்பர் திரி செருக வேண்டும். அதற்கும் மேல் போனால் உள்ளே பழைய டயர்த் துண்டு வைத்து டியூப் போடுவதுதான் வழி. மூன்றும் பையில் இருக்கட்டும். களிமண் வயல் பாதைகளை மழைக்கு மறுநாள் தொடவே வேண்டாம். டயருக்கும் சட்டத்துக்கும் இடையே சேறு இறுகிச் சக்கரம் நின்றுவிடும். அப்போது மிதித்தால் பின்கியரைத் தாங்கும் ஹேங்கர் முறியும். ஹேங்கர் சைக்கிளுக்குச் சைக்கிள் வேறுபடும், கிராமத்துக் கடையில் கிடைக்காது. நம் ஊரிலேயே ஒன்று வாங்கிக்கொண்டு போக வேண்டும்.

டயர் 40 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. எழுபது கிலோ ஆள், பத்துக் கிலோ சுமை என்றால் முன்சக்கரத்துக்கு 35, பின்சக்கரத்துக்கு 38 பிஎஸ்ஐ காற்றழுத்தத்தில் தொடங்கலாம். நம்மில் பலர் தார்ச்சாலைப் பழக்கத்தில் 50 அடிக்கிறார்கள். சரளையில் அது பிடிமானத்தைக் கெடுத்து, கைகளை மரத்துப்போகச் செய்யும். விமானத்துக்காகப் பெட்டியில் கட்டும்போது டியூப் இல்லாத ‘டியூப்லெஸ்’ டயரின் காற்றை முழுக்க இறக்கிவிடாமல் 15 பிஎஸ்ஐ விடுங்கள். விளிம்பு ரிம்மை விட்டுக் கழன்றால் கைப்பம்பால் மீண்டும் உட்கார வைப்பது பெரும்பாடு. இடது பெடல் கழற்ற வலஞ்சுழியாகத் திருப்ப வேண்டும். டிஸ்க் பிரேக் பேடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் துண்டு செருக மறந்தால், வழியில் லீவர் அழுந்திப் பேடுகள் ஒட்டிக்கொள்ளும்.

பாதை தேடும் செயலிகள் ‘கிரேவல்’ என்று காட்டும் கோட்டை அப்படியே நம்ப வேண்டாம். பிரான்சின் ஐ.ஜி.என் நிறுவனம் வெளியிடும் 1:25,000 வரைபடத்தில் அதே இடத்தைப் பாருங்கள். ஒரு சென்டிமீட்டர் 250 மீட்டர். விட்டுவிட்டு வரும் மெல்லிய கோடு ஒற்றையடிப் பாதை. அது சமஉயரக் கோடுகளை நெருக்கமாக வெட்டிப் போனால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் ஏற வேண்டும்.

மே நடுவிலிருந்து ஜூன் முடிய, அல்லது செப்டம்பர் நல்ல காலம். செப்டம்பரில் வேட்டைப் பருவம் தொடங்கிவிடும் என்பதால் காட்டுக்குள் ஆரஞ்சு நிறச் சட்டை போட வேண்டும்; ‘ஷாஸ் ஆங் கூர்’ என்ற பலகை இருந்தால் வேட்டை நடக்கிறது, திரும்பிவிடுங்கள். சிற்றூர்க் கடைகள் மதியம் இரண்டு மூன்று மணி நேரம் மூடியிருக்கும். பல ரொட்டிக் கடைகளுக்குத் திங்கள் விடுமுறை. கல்லறைத் தோட்டங்களில் பெரும்பாலும் குழாய் உண்டு, ஆனால் ‘நோன் பொத்தாப்ள்’ என்று எழுதியிருந்தால் அந்த நீரைக் குடிக்கக் கூடாது. மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் ‘பா த பஃப்’ (மாட்டிறைச்சி வேண்டாம்) என்று சொல்லலாம்.

அந்தக் கட்டுரையின் அடுத்த பகுதியை வெளியிடும்போது, ஒவ்வொரு பாதைக்கும் தூரத்தோடு நிலத்தின் வகை, மொத்த ஏற்றம், தண்ணீர் கிடைக்கும் இடங்கள் மூன்றையும் சேர்த்துப் போடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சைக்கிள் ஓட்டும் வாசகர்,
பட்டர்வொர்த், பினாங்கு