"வெயிட் பண்ணுங்க"ன்னு சொல்ற ஆன்லைன் மார்க்கெட்காரங்களுக்கு மார்த்தாண்டத்துல இருந்து ஒரு திறந்த மடல்

வெளிநாட்டு சாமான எங்களுக்கு விக்கிற ஆன்லைன் மார்க்கெட்காரங்களே, வணக்கம். பேரு சொல்லல, சொன்னா ஒருத்தரோட நின்னுரும், இது உங்க எல்லாருக்கும் சேத்து எழுதுறது. தமிழ்ல எழுதுனா அவனுவளுக்கு எங்க புரியப் போவுதுன்னு மச்சினன் கேட்டான். உங்க சாட்பாட்டு தமிழ்லயே "நாங்கள் வருந்துகிறோம்"னு எனக்கு நாலு தடவ பதில் போட்டுருக்கு, அதனால புரியும்னு நம்பித்தான் எழுதுறேன்.

நான் மார்த்தாண்டம் பக்கம் கீபோர்டு ரிப்பேர் பாக்குறவன். எங்க மாவட்டத்துல தெருவுக்கு ஒரு சர்ச்சு, சர்ச்சுக்கு ஒரு கொயர், கொயருக்கு ஒரு பழைய ஜப்பான் கீபோர்டு. வேலைக்கு பஞ்சமில்ல, பார்ட்ஸுக்குத்தான் பஞ்சம். கீபோர்டுல வெரலால அமுக்குற கட்டைக்கு அடியில ஒரு ரப்பர் ஸ்ட்ரிப் இருக்கும், அதுல சின்னச் சின்னதா கறுப்பு கார்பன் பொட்டு, கட்டைய அமுக்குனா அந்தப் பொட்டு போர்டுல போய் முட்டும், அப்பத்தான் சத்தம் வரும். பல வருசம் அடிச்சா பொட்டு தேஞ்சுரும், அப்புறம் சில கட்டை ஊமையாயிரும், சில கட்டை மெதுவா தொட்டாலும் அலறும். போன செப்டம்பர்ல ஒரு சர்ச்சு கீபோர்டு இப்படி மூணு கட்டை செத்துப்போய் வந்துச்சு, வீடு வீடா பாடிட்டு போற கிறிஸ்மஸ் கேரல் ரவுண்ட்ஸுக்கு முன்ன வேணும்னாங்க, திருவனந்தபுரம் வரைக்கும் தேடிப் பாத்துட்டு கடைசில இங்கிலாந்துல உள்ள ஒரு ஆள்கிட்ட உங்க சைட்டு வழியா ஆர்டர் போட்டேன். அனுப்புற கூலியோட 3,400 ரூபா. பணம் கட்டுனது மச்சினன் கார்டுல, அத ஞாபகம் வச்சுக்கிடுங்க, பின்னால அது ஒரு கதையாவும்.

அக்டோபர் 20க்குள்ள வந்துரும்னு போட்டிருந்தீங்க. டிராக்கிங்ல "அனுப்பும் நாட்டை விட்டுப் புறப்பட்டது"ன்னு ஒரு வரி வந்துச்சு, அவ்வளவுதான், அதுக்கப்புறம் ஒண்ணுமே இல்ல. தினமும் காலைல கடை ஷட்டர தூக்குன கையோட நம்பர அடிச்சுப் பாப்பேன், அதே வரி.

எங்க தாத்தா சொல்லுவாங்க, திருவிதாங்கூர் காலத்துல அஞ்சலோட்டக்காரன் மணி கட்டுன கம்பு வச்சுக்கிட்டு ஓடி வருவானாம், மணிச்சத்தம் கேட்டா ஆளுங்க வழி விட்டு ஒதுங்கணுமாம். தபால் எங்க வருதுன்னு காதாலயே தெரிஞ்சுருக்கு பாருங்க. திருவிதாங்கூருக்குன்னு தனியா இருந்த அந்த அஞ்சல் 1951ல இந்திய தபாலோட சேந்துருச்சு. உங்க டிராக்கிங்கு அந்த மணிய விட கொறஞ்சதாத்தான் ஆக்கும் எனக்கு பட்டுச்சு.

கோவத்துல பிரிண்ட் அவுட்ட எடுத்துக்கிட்டு எங்க ஊரு போஸ்ட் ஆபீசுக்கு போனேன். அங்கன இருக்க அக்கா நம்பர பாத்துட்டு "அண்ணே, இது நம்ம கைக்கு வந்தாத்தானே நான் சொல்ல முடியும்"னாங்க, ஆனா உக்கார வச்சு அது எப்படி வருதுன்னு சொல்லிக் குடுத்தாங்க. நீங்க ஒரு வரியில சொல்லியிருக்க வேண்டியது.

வெளிநாட்டு தபால் நம்பர் மொத்தம் 13 எழுத்து. மொதல்ல ரெண்டு இங்கிலீஷ் எழுத்து, நடுவுல 9 இலக்கம், கடைசி ரெண்டு எழுத்து எந்த நாட்டுல போட்டாங்கன்னு. R-ல தொடங்குனா ரிஜிஸ்டர், C-ன்னா பார்சல், E-ன்னா இஎம்எஸ்ங்கிற வேகத் தபால், U-ல தொடங்குனா அது டிராக்கிங் இல்லாத சாதா தபால். இந்த அமைப்புல இல்லாம வேற மாதிரி நீளமா இருந்தா பெரும்பாலும் ஏதோ பிரைவேட் கம்பெனி நம்பர், அத நம்ம தபால் சைட்டுல அடிச்சா ஒண்ணும் காட்டாது, அதுக்காக பார்சல் தொலஞ்சுதுன்னு அர்த்தமும் இல்ல. அப்புறம் அந்த "புறப்பட்டது"ன்ற வரிக்கு ஃபிளைட் ஏறிருச்சுன்னு அர்த்தம் கெடையாதாம், சாக்குல போட்டு கட்டி சீல் வச்சாச்சு, அவ்வளவுதான். அந்தச் சாக்கு ஃபிளைட்டுல எடம் கெடைக்காம அங்கேயே கெடக்கலாம், வேற நாடு வழியா சுத்தியும் வரலாம். இங்க டெல்லி, மும்பை, சென்னை மாதிரி எடத்துல இருக்க ஃபாரின் போஸ்ட் ஆபீஸ்ல சாக்க பிரிச்சு ஒவ்வொண்ணா ஸ்கேன் பண்ணுனாத்தான் அடுத்த வரி வரும். அதுக்கப்புறம் கஸ்டம்ஸ், பில்லு கேட்டு லெட்டர் போட்டாலும் போடுவாங்க, டியூட்டி இருந்தா போஸ்ட்மேன் வீட்டுக்கு கொண்டு வரும்போது வாங்கிக்கிடுவாரு. (இந்த டியூட்டி பேரச் சொல்லி லிங்க் அனுப்பி 25 ரூபா கட்டுன்னு வர்ற எஸ்எம்எஸ் அம்புட்டும் களவாணிப் பய வேலை, எங்க சித்தி ஒருத்தங்க அந்த லிங்க அமுக்கிட்டாங்க, அது தனிக்கதை.)

சரி, அப்ப தாமதம் உங்க தப்பில்ல, ஒத்துக்கிடுறேன். என் பிரச்சன அது இல்ல.

அக்டோபர் 28ல உங்க சாட்டுல கேட்டேன். "நவம்பர் 10 வரை காத்திருக்கவும்"னீங்க. காத்திருந்தேன். 10ஆம் தேதி கேட்டா விக்கிற ஆள் மெசேஜ் போட்டான், கஸ்டம்ஸ்ல நிக்குது, இன்னும் ரெண்டு வாரம் பொறுங்க சார், கண்டிப்பா வந்துரும், நல்ல ரேட்டிங் குடுங்கன்னு. ரெண்டு வாரம் முடிஞ்சு அதுக்கு மேல ரெண்டு நாள் கழிச்சு, 26ஆம் தேதி, போய் பாக்குறேன், பணம் திருப்பிக் கேக்குற பட்டனே காணோம். "கிளெய்ம் செய்வதற்கான காலம் நவம்பர் 24உடன் முடிந்தது"ன்னு சாம்பல் கலர்ல பொடி எழுத்து. உங்க ஆளே பொறுக்கச் சொல்லி, உங்க கடிகாரமே ஓடி முடிஞ்சுருக்கு. இது என்ன நியாயம்னு கேக்குறேன்.

பெறவுதான் ஒவ்வொண்ணா படிச்சேன். ஈபே, எட்ஸின்னு வெளிநாட்டு சைட்டு ரெண்டு இருக்கு, நான் வாங்குனது அதுல இல்ல, ஆனா கணக்குக்கு சொல்றேன். சாமான் வரலன்னு பணம் திருப்பிக் கேக்க ஈபேயில வரும்னு சொன்ன கடைசி தேதில இருந்து 30 நாள், எட்ஸியில 100 நாள், பேபால்ன்ற பணம் கட்டுற சைட்டு வழியா கட்டியிருந்தா கட்டுன நாள்ல இருந்து 180 நாள், அதுலயும் டிஸ்பியூட் (விக்கிறவன்ட்ட பேசித் தீக்குற புகார்) போட்ட பெறவு 20 நாளுக்குள்ள அத கிளெய்மா (பேபாலே முடிவு சொல்ற கேஸா) மாத்தலன்னா தானா மூடிக்கிடும். விக்கிறவன் "கேஸ மூடுங்க, நான் வேற அனுப்புறேன்"னு கெஞ்சுனா பேபால்ல மூடிட்டு திரும்ப தொறக்க முடியாது. தபால் வழில விசாரண கேக்க 6 மாசம் உண்டு, ஆனா நஷ்ட ஈடு அனுப்புனவனுக்குத்தான் சேரும், அவன் எழுதிக் குடுத்தாத்தான் நமக்கு வரும். ஆளாளுக்கு ஒரு கணக்கு, ஒருத்தர் தேதிய நம்பி இன்னொருத்தர்ட்ட போனா அங்க கதவு மூடியிருக்கும்.

பேங்க்ல கேளுன்னு பக்கத்து கடை தம்பி சொன்னான். கேட்டேன். கார்டு யாருதோ அவரு தான் டிஸ்பியூட் போடணும்னுட்டாங்க. மச்சினன் அதுக்குள்ள கப்பல்ல ஏறிட்டான், ஓடிபி வர்ற சிம்மு அவன் பெட்டியில. ஜனவரில அவன் கரை எறங்குன நேரம் பாத்து, ஆச்சரியம், பார்சலும் வந்துருச்சு.

நடுவுல கேரல் எப்படி ஓடுச்சுன்னு கேக்குறீங்களா? செத்த கட்டைல வெரல் படாம இருக்கணும்னு வாசிக்கிற பையன் எல்லாப் பாட்டையும் ஒரு சுருதி ஏத்தி வேற கட்டைல வாசிச்சுட்டான். பதினாலு வீடு. பத்தாவது வீட்டுலயே சோப்ரானோ பாடுற அக்காமாருக்கு தொண்ட கட்டிருச்சு, என்னப் பாத்து "ரிப்பேர் பண்ணுனது கொள்ளாம்"னு சொல்லிட்டுப் போனாங்க. கொள்ளாம்னா எங்க ஊருல நல்லாருக்குன்னு அர்த்தம், ஆனா அந்த "கொள்ளாம்" எந்த அர்த்தத்துலன்னு குமரிக்காரங்களுக்கு சொல்ல வேண்டாம்.

பார்சல பிரிச்சா உள்ள இருந்தது வேற மாடலோட ஸ்ட்ரிப். ஓட்டை எண்ணிக்க ஒண்ணு, ஆனா பொட்டு பொட்டுக்கு உள்ள தூரம் ஒரு அரிசி மணி அளவுக்கு கூடுதல். தப்பான சாமான்னு போட்டோ எடுத்து அனுப்புனேன், உங்க பதில் ஒரே வரி, கிளெய்ம் காலம் முடிந்தது.

அதனால நான் கேக்குறது பெருசா ஒண்ணும் இல்ல. ஆர்டர் பக்கத்துல "வந்து சேரும் தேதி"ன்னு பச்சைல போடுறீங்களே, அதுக்கு கீழ "பணம் திருப்பிக் கேக்க கடைசி தேதி"ன்னு அதே சைஸ்ல, அதே பச்சைல போடுங்க. அது முடிய ஒரு வாரம் இருக்கும்போது ஒரு மெசேஜ் தட்டி விடுங்க, ஆஃபர்னா நாளுக்கு மூணு மெசேஜ் அனுப்பத் தெரியுதுல்ல. உங்க சாட்ல இருக்க ஆள் பொறுக்கச் சொன்னா, சொன்ன நாள் அளவுக்கு அந்தத் தேதியும் தள்ளிப் போவணும். விக்கிறவன் பொறுக்கச் சொன்னாலும் அப்படித்தான். அட்ரஸ் ஃபாரத்துல மார்த்தாண்டம்னு அடிச்சா அத அழிச்சுட்டு கன்னியாகுமரின்னு தானா மாத்துறதையும் நிறுத்துங்க, மாவட்டம் பேரு வேற, ஊரு பேரு வேற, மார்த்தாண்டம் பின்கோடு 629165 எங்க இருக்கு, கன்னியாகுமரி பின்கோடு 629702 எங்க இருக்கு.

நம்ம ஊரு மக்கமாரே, இவங்க செய்யுற வரைக்கும் ஆர்டர் போட்ட அன்னைக்கே அந்தக் கடைசி தேதிய தேடி செவுத்து காலண்டர்ல வட்டம் போட்டு வைங்க. விக்கிறவன் வாட்ஸ்அப்புக்கு கூப்புட்டா போவாதீங்க, பேச்சு எல்லாம் சைட்டுக்குள்ளயே இருக்கட்டும்.

அந்த தப்பான ஸ்ட்ரிப் எம் மேசை டிராயர்ல தான் கெடக்கு, புதுசு, பிளாஸ்டிக் கவர் கூட கிழிக்கல. 61 கட்டைல ஏதாவது மாடலுக்கு ஒத்து வந்தா கீபோர்ட தூக்கிட்டு வாங்க, வச்சுப் பாப்போம், காசு வேண்டாம்.

இப்படிக்கு,
மார்த்தாண்டத்துல ஒரு கீபோர்டு ரிப்பேர்காரன்