மருந்துவாழ்மலைப் பாதையையும் அடிவாரச் சைக்கிள் வழிகளையும் செப்பனிடக் கோரும் மனு

அனுப்புநர்
மருந்துவாழ்மலை ஏறுவோர், சைக்கிள் ஓட்டுவோர்,
பொத்தையடி, கொட்டாரம், மயிலாடி வட்டாரம்,
அகஸ்தீஸ்வரம் வட்டம், கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், நாகர்கோவில்.

நகல்: மாவட்ட வன அலுவலர் அவர்கள், நாகர்கோவில்.

பொருள்: மருந்துவாழ்மலைப் பாதையில் மழைநீர் விலகு கற்கள் பதித்தல், படிகளைச் சரிசெய்தல், அடிவாரத்தில் சைக்கிள் நிறுத்தம் அமைத்தல், சுற்றுச் சாலைகளிலும் சானல் (பாசனக் கால்வாய்) கரைகளிலும் சிறு திருத்தங்கள் செய்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில் தனித்து நிற்கும் மருந்துவாழ்மலையின் உயரம் சுமார் 800 அடிதான். ஆனால் உச்சியில் நின்று ஒரு சுற்றுத் திரும்பினால் தெற்கே குமரிக் கடல், கிழக்கே வட்டக்கோட்டைக் கரை, வடக்கே ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றாலைகள், மேற்கே சுசீந்திரம், தேரூர்க் குளங்கள் எல்லாம் தெரியும். அனுமன் கொண்டுபோன சஞ்சீவி மலையில் இருந்து விழுந்த துண்டு என்று நம்பி வருவோரும், நாராயண குரு தவமிருந்த பிள்ளைத்தடம் குகையைப் பார்க்க வருவோரும், உடற்பயிற்சிக்காக விடியலில் ஏறுவோரும் மிதிப்பது ஒரே பாதையைத்தான். ரோப்காரோ செல்பி மேடையோ கேட்டு நாங்கள் வரவில்லை. கண்ணாடிப் பாலம் கடலில் இருப்பதே போதும். நாங்கள் கேட்பவை எல்லாம் சிறிய வேலைகள். ஆனால் முறை தவறிச் செய்தால் செய்யாமல் விட்டதைவிடக் கெடுதல் என்பதால் ஒவ்வொன்றையும் விளக்கமாக எழுதுகிறோம்.

முதல் வேலை தண்ணீரைப் பாதையில் இருந்து இறக்கிவிடுவது. மலைப் பாதையைக் கெடுப்பது கால் மட்டுமல்ல. ஏறுபவர்கள் வளைவைச் சுற்றாமல் நேர்க்குத்தாகக் குறுக்கே ஏற, அந்தத் தடம் பள்ளமாகிறது. அடுத்த மழையில் தண்ணீர் அதையே ஓடையாக்கிக் கொள்கிறது. தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் பெறும் மாவட்டம் இது. ஆண்டுக்கு இருமுறை மண் அரித்துப் போய், உருளைக் கற்கள் மட்டும் பல் இளித்து நிற்கின்றன. அதில் நடக்க முடியாமல் ஆட்கள் ஓரத்துப் புல்லில் நடக்கிறார்கள். பாதை இரண்டாகி, பிறகு மூன்றாகிறது.

இதற்குத் தீர்வு சிமெண்ட் போடுவது அல்ல. பாதையின் குறுக்கே, 30 முதல் 45 பாகைக் கோணத்தில் சாய்த்து, மழைநீர் விலகு கற்களாகக் கருங்கல் வரிசை பதிக்க வேண்டும். ஒவ்வொரு கல்லும் மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் இறங்க வேண்டும். வெளியே அரை அடிக்கும் குறைவாகத் தெரிந்தால் போதும். 10 சதவீதச் சரிவில் சுமார் 25 மீட்டருக்கு ஒரு வரிசை, 20 சதவீதச் சரிவில் 12 மீட்டருக்கு ஒரு வரிசை. கோணம் இல்லாமல் நேர்க்குறுக்காகப் பதித்தால் முதல் மழையிலேயே மேல்பக்கம் மணல் நிரம்பிவிடும். தண்ணீர் கல்லைத் தாண்டிக் குதித்துக் கீழ்ப்பக்கம் சட்டி அளவு குழி பறிக்கும். அடுத்த மழைக்குக் கல்லே பெயர்ந்து, நடுப்பாதையில் மல்லாந்து கிடக்கும். விலகிய தண்ணீர் போய்ச் சேரும் வாயும் முக்கியம். அது பாறை மீதோ புதருக்குள்ளோ முடிய வேண்டும், கீழே உள்ள அடுத்த வளைவின் தலையில் அல்ல. மே மாதத்தில் ஒருமுறை, செப்டம்பரில் ஒருமுறை மண்வெட்டியால் மணலை வாரிவிட்டால் இந்த வரிசைகள் பல ஆண்டு நிற்கும். குறுக்குத் தடங்களை மூட வேலி வேண்டாம். முள்கிளையும் பெரிய கற்களும் போட்டு மேல்வாய், கீழ்வாய் இரண்டையும் அடைத்தாலே புல் திரும்பிவிடும்.

அடுத்து படிகள். ஏறும்போது யாரும் அதிகம் விழுவதில்லை, இறங்கும்போதுதான் விழுகிறார்கள். காரணம் படியின் உயரம் ஒன்றுபோல் இல்லாதது. நாலைந்து படி இறங்கியதும் கால் ஓர் அளவுக்குப் பழகிவிடும். அடுத்த படி இரண்டு விரல் கூடினாலும் முழங்கால் வெட்டும், அல்லது கணுக்கால் பிசகும். படி உயரம் 15 முதல் 18 சென்டிமீட்டருக்குள், மிதியின் அகலம் குறைந்தது 30 சென்டிமீட்டர், ஒரு படிக்கும் அடுத்ததற்கும் வித்தியாசம் ஒரு சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். மேலே சிமெண்ட் பூச்சு வேண்டாம். கால் பட்டுப் பட்டு அது பளபளப்பாகி, தூறலில் வழுக்கும். கொத்திச் சொரசொரப்பாக்கிய கருங்கல்லே நல்லது. இதற்கு ஆள் தேடி எங்கும் போக வேண்டாம். கல் சிற்பத்துக்கு 2023இல் புவிசார் குறியீடு பெற்ற மயிலாடி பக்கத்திலேயே இருக்கிறது. வெளியூர் ஒப்பந்தக்காரர் கொண்டுவரும் பாலிஷ் டைல்ஸைவிட அவர்கள் உளி பட்ட கல்லில் கால் நிற்கும்.

கைப்பிடி வைப்பதாக இருந்தால், செங்குத்தான இரண்டொரு இடங்களில் மட்டும் போதும். துத்தநாக முலாம் பூசிய குழாயை வெட்டிப் பற்றவைத்தால், பற்றவைத்த இடத்தில் முலாம் எரிந்துபோகும். கடலின் உப்புக்காற்றில் துரு அங்கேதான் தொடங்கும். வெளியே வண்ணம் நன்றாகத் தெரிய, அடியில் குழாய் அரித்திருக்கும். அதை நம்பிச் சாய்பவர் கதி என்ன? வெல்டிங் முடிந்த பிறகு முலாம் பூச வேண்டும். இல்லையேல் கல்தூண் நட வேண்டும்.

பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை புல் காய்ந்து கிடக்கும். கற்பூரம் ஏற்றுவோரைத் தடுக்கச் சொல்லவில்லை. வெறும் பாறைத் தளத்தில், சுற்றிலும் புல் அகற்றிய இடத்தில் ஏற்றும்படி குறித்துக் கொடுத்தால் போதும். 2018 மார்ச் 11இல் குரங்கணி மலையில் காய்ந்த புல்லில் தீ எவ்வளவு வேகமாக ஏறியது என்பதை நாடே பார்த்தது.

நூறு மீட்டருக்கு ஒன்றாக எண் எழுதவும் கோருகிறோம். மிதிக்கும் பாறையில் எழுதினால் பெயிண்ட் வழுக்கும், பக்கவாட்டில் கண் மட்டத்தில் எழுத வேண்டும். 108க்கு அழைப்பவர் "பெரிய பாறை பக்கம்" என்று சொன்னால் இந்த மலையில் அது எந்தப் பாறையும் ஆகலாம். "ஏழாம் எண்" என்றால் தெரியும். அடிவாரத்தில் சக்கரம் இல்லாத, ஆறு பேர் தூக்கும் வார்ப்பட்டை ஸ்ட்ரெச்சர் ஒன்று வேண்டும். பாம்பு கடித்தால் வெட்டவோ இறுக்கிக் கட்டவோ கூடாது, நடக்கவிடாமல் தூக்கி நேராக ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்ற பலகையும் வேண்டும்.

இனி சைக்கிள். மலைக்கு மேல் சைக்கிள் ஏற்ற அனுமதி வேண்டாம் என்று சைக்கிள் ஓட்டுவோராகிய நாங்களே கேட்கிறோம். இறக்கத்தில் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு இழுபட்டால் விழும் கோடு, அடுத்த மழைக்கு ஓடை. மாறாக அடிவாரத்தில் நிறுத்தம் தாருங்கள். முன்சக்கரத்தைச் செருகும் இரும்புச் சட்டம் வேண்டாம், பக்கவாட்டில் சாய்ந்தால் அது ரிம்மை வளைக்கும். கவிழ்த்த யு வடிவக் குழாய், 75 சென்டிமீட்டர் உயரம், ஒரு மீட்டர் இடைவெளி. ஒன்றில் இரண்டு சைக்கிளைச் சட்டத்தோடு பூட்டலாம். இருபது குழாய்க்கு நாற்பது சைக்கிள்.

கொட்டாரம், மயிலாடி, அஞ்சுகிராமம், வட்டக்கோட்டை, கன்னியாகுமரி என்று மலையைச் சுற்றி வரும் வழியில் இடர்கள் மூன்று. வேகத்தடைகள் சிலர் கைக்கு வந்த அளவில் போடப்படுகின்றன. சாலை அமைப்புக்கு அளவுகள் வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸின் விதிப்படி அகலம் 3.7 மீட்டர், உயரம் 10 சென்டிமீட்டர், மேலே வெள்ளைப் பட்டை. தார் மேல் தார் போடும்போது ஓரம் நான்கு விரல் உயர்ந்துவிடுகிறது. லாரிக்கு ஒதுங்கிக் கீழே இறங்கிய சைக்கிள் சாய்வாகத் திரும்ப ஏறும்போது, சக்கரம் விளிம்பை உரசி ஆளைச் சாலைக்குள்ளேயே தள்ளும். தார் போட்ட அதே வாரம் ஓரத்தில் சரள் கொட்டி உருளை ஓட்ட வேண்டும். வடிகால் மூடிக் கம்பிகள் பயணத் திசையிலேயே ஓடினால் 25 மில்லிமீட்டர் டயர் உள்ளே இறங்கிவிடும். மூடியைத் திருப்பி வைப்பது அரைமணி வேலை.

போக்குவரத்து இல்லாமல் ஓட்டச் சிறந்தவை சானல் கரைகள். ஆனால் தூர்வாரும்போது வண்டலோடு சீமைக்கருவேல முள்ளும் கரையில் கொட்டப்படுகிறது. காய்ந்தபின் அந்த முள் டயரையும் டியூபையும் ஒன்றாகத் தைக்கும். முள்ளைத் தனியே அகற்ற வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

மே முதல் செப்டம்பர் வரை கணவாய்க் காற்று பக்கவாட்டில் அடிக்கும். லாரி கடக்கும் கணத்தில் காற்று மறைந்து, கடந்ததும் திரும்ப மொத்தும். காற்றுக்குச் சாய்ந்து ஓட்டியவர் அந்த நொடியில் லாரிப் பக்கம் போய்விடுவார். ஆரல்வாய்மொழிப் பகுதியில் இதற்கான எச்சரிக்கைப் பலகைகளும், தார் ஓரத்தில் ஒன்றரை மீட்டர் அகலமும் தேவை.

இவை வனம், நெடுஞ்சாலை, நீர்வளம், உள்ளாட்சி என்று பல துறைகளில் சிதறிக் கிடப்பதால், தனித்தனியே மனு கொடுத்தால் ஒன்று மற்றொன்றைக் கைகாட்டும். ஆகவே சம்பந்தப்பட்ட அலுவலர்களைச் சேர்த்து, மழை பெய்யும் ஒரு நாளில் மலையில் கூட்டுப் புலத்தணிக்கைக்கு உத்தரவிடுமாறு வேண்டுகிறோம். வெயில் நாளில் பார்த்தால் தண்ணீர் போகும் வழி தெரியாது. விலகு கற்களை மட்டுமாவது வடகிழக்குப் பருவமழைக்கு முன் பதித்து முடிக்க ஆவன செய்யுமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மருந்துவாழ்மலை ஏறுவோர், சைக்கிள் ஓட்டுவோர்.

இடம்: பொத்தையடி
இணைப்பு: பாதையின் கைவரைபடம் ஒன்று, கையொப்பப் பட்டியல்.