மருந்து உறையில் ஒரு சூரியன் போதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

என் அம்மா நாற்பது வருடம் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறித்தவர். சீனி வருத்தத்துக்குக் கிளினிக்கில் மருந்து எடுக்கிறார். போன மாதம் மலையிலேயே மயங்கி விழுந்துவிட்டார். காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று போட வேண்டிய குளிசையை இரண்டாகச் சேர்த்து விழுங்கிவிட்டு, வெறும் சாயத்தண்ணியோடு வேலைக்குப் போயிருக்கிறார். சாப்பிடாமல் போட்டால் சீனி சட்டென்று இறங்கிவிடும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

உறையைப் பார்த்தேன். எல்லாம் சிங்களத்தில் கிறுக்கியிருந்தது. நான் கொழும்பில் கடையில் நின்றவள் என்பதால் எழுத்துக்கூட்டி வாசித்தேன். அம்மாவுக்குத் தமிழ் வாசிக்கவே தடுமாற்றம். மூன்றாம் வகுப்போடு தம்பியைப் பார்க்க லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், நிறுத்திவிட்டார்கள்.

“விளங்குதா என்று கேட்டார்களா?” என்றேன். “கேட்டாங்க, ஆமாங்கன்னு சொல்லிட்டேன்” என்றார். வேறென்ன சொல்வார்? பின்னால் நீண்ட வரிசை. கிளினிக் நாளில் வேலைக்கு வந்ததாகப் பேர் விழாது, சம்பளமும் போச்சு. அதிலும் ஐயாமாரிடம் திருப்பிக் கேட்டுப் பழகாத சனம் நாங்கள்.

தமிழும் அரச கரும மொழி என்று 1987இல் அரசியலமைப்பில் எழுதியாயிற்று. அது மருந்து உறைக்கு வந்து சேரவில்லை. சரி, தமிழில் எழுத ஆளில்லை என்றால் ஒரு சூரியன், ஒரு நிலா, ஒரு சோற்றுக் கோப்பை வரையலாமே. “விளங்குதா” என்பதற்குப் பதிலாக, “வீட்டுக்குப் போய் எப்படிப் போடுவீங்க, சொல்லுங்க” என்று கேட்கலாம். அரை நிமிடம்தான் ஆகும்.

இப்போது அம்மாவின் உறைகளில் நானே பேனையால் வரைந்து கொடுக்கிறேன். பக்கத்து லயத்து ஆச்சியும் தன் உறைகளைக் கொண்டு வருகிறார்.

ஒரு தொழிலாளியின் மகள்,
மஸ்கெலியா